ஐம்பதைத் தாண்டிய முகத்துக்கு எந்த மேக்கப்? மகள் கல்யாணம் வருகிறது, யோசனை சொல்லுங்கள்

கோமதி_நெல்லை

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபம் பிடித்தாயிற்று. மணப்பெண் அலங்காரம் பேசப் போன பார்லரில், "அம்மாவுக்கும் சேர்த்துப் பேக்கேஜாகப் போட்டுத் தருகிறோம், பத்து வயது குறைத்துக் காட்டிவிடலாம்" என்றார்கள். எனக்கு 56 வயது. வயது குறைய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. மகளைக் கட்டிக்கொடுக்கிற அம்மாவாகவே, முகம் தெளிவாக, சந்தோஷமாகத் தெரிந்தால் போதும்.

இதுவரை நான் பூசியதெல்லாம் பவுடர், கண்மை, குங்குமம் மட்டும்தான். இப்போது தோல் முன்புபோல் இல்லை. பவுடர் போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக நிற்கிறது. இரண்டு கன்னத்திலும் மங்கு. காலையில் வைத்த மை மத்தியானத்துக்குள் கீழே இறங்கிவிடுகிறது. உதடு எப்போதும் வறட்சி.

முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டுக்கும் வீடியோ வெளிச்சத்தில் நிற்க வேண்டும். என்ன வாங்கலாம்? பார்லரில் என்ன சொல்லி வைக்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அக்கா, "இந்த வயசுல உனக்கெதுக்குடி லிப்ஸ்டிக்" என்கிறாள். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. நீங்களெல்லாம் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?


கலைவாணி_கோவை

கோமதி அக்கா, முதலில் வாழ்த்துகள். நான் கோவையில் பார்லர் வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் எனக்கு நிதானம் அதிகம் தேவைப்படுவது மணப்பெண்ணுக்கு இல்லை, அவள் அம்மாவுக்குத்தான். இருபது வயதுத் தோல் எதைப் பூசினாலும் வாங்கிக்கொள்ளும். ஐம்பதுக்கு மேல் தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துவிடும். பூசியது மேலேயே நிற்கும், சிரித்தால் மடிப்பில் போய்ச் சேரும். உங்கள் பவுடர் கோடு விழுவது இதனால்தான்.

அதனால் வேலை மேக்கப்புக்கு முன்பே தொடங்குகிறது. முகம் கழுவி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசிப் பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். அவசர நாளில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பத்து நிமிடம்தான். நீங்கள் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஃபவுண்டேஷன், அதாவது தோல் நிறத்தைச் சீராக்கும் பூச்சு. கெட்டியான ஸ்டிக் வகையும், பளபளப்பே இல்லாத மேட் வகையும் உங்களுக்கு வேண்டாம். ஸ்கின் டின்ட், சீரம் ஃபவுண்டேஷன் என்று விற்கிறார்களே, அந்த நீர்த்த வகை போதும். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முகம் முழுக்கவும் தேவையில்லை. மூக்கின் இரு பக்கம், வாயோரம், மங்கு உள்ள இடம், அவ்வளவுதான். மற்ற இடத்தில் உங்கள் தோல் தெரியட்டும். தோல் தெரிந்தால்தான் முகம் உயிரோடு இருக்கும்.

கருவளையத்துக்கு, கறையை மறைக்கிற கன்சீலரை வெளிர் நிறத்தில் வாங்கி நேராக அப்பினால் நம் நிறத்துக்குச் சாம்பல் பூத்துவிடும். ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரை முதலில் மிக லேசாகத் தொட்டு வையுங்கள். கருவளையத்தில் உள்ள நீலத்தை அது அடக்கிவிடும். அதன் மேல் உங்கள் நிறத்திலேயே கன்சீலர். பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும். கண்ணுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கன்னத்துக்கு கிரீம் பிளஷ் நல்லது. விரலாலேயே தட்டித் தட்டி, சிரிக்கும்போது எழும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். வயதாக ஆகக் கன்னம் இறங்கும், அதனால் இளம் வயதில் வைத்த இடத்திலேயே வைத்தால் முகம் இன்னும் இறங்கித் தெரியும்.

கடையில் நிறத்தைப் புறங்கையில் போட்டுப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் நிறம். உடனே முடிவு செய்யாமல் கால் மணி நேரம் கடைத்தெருவில் சுற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள், சில ஃபவுண்டேஷன் போகப் போகக் கருக்கும். நம்மூர்ப் பெண்களுக்கு நெற்றியும் வாயோரமும் கன்னத்தைவிட ஒரு நிழல் கூடுதலாக இருப்பது சாதாரணம். அதை அழித்து எல்லா இடத்தையும் ஒரே நிறமாக்கினால்தான் முகமூடி போட்ட தோற்றம் வருகிறது.

பார்லரில் "ஒரு டோன் ஏற்றிப் போடுகிறோம்" என்பார்கள், உங்கள் நிறத்தைவிட வெளுப்பாகக் காட்டுவதுதான் அது. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரையல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ட்ரையலுக்குக் கல்யாணப் புடவையின் நிறத்திலேயே ஏதாவது ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஃபிளாஷ் போட்டு ஒரு படம், வெயிலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள். சன்ஸ்கிரீனிலும் சில பவுடரிலும் இருக்கிற டைட்டானியம், சிலிக்கா போன்றவை ஃபிளாஷைத் திருப்பி அடித்து முகத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும். கண்ணாடியில் அது தெரியாது, ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும்.


மீனா_ரவி

லிப்ஸ்டிக்குக்கு என் ஓட்டு உண்டு அக்கா. மேட் வேண்டாம், கிரீம் அல்லது சாட்டின் வகை வாங்குங்கள். மாநிறத்துக்கும் அதற்கு மேலும் செங்கல் சிவப்பு, மெரூன், பழுப்பு கலந்த ரோஸ் மூன்றும் நன்றாக நிற்கும். வெளிர் பிங்க் போட்டால் உதடு வெளுத்து, காய்ச்சலில் எழுந்து வந்தவர் தோற்றம் வந்துவிடும். வயதில் உதட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள் வரும், அதன் வழியே நிறம் கசியும். உதட்டு நிறத்திலேயே லிப் லைனர் ஒன்று வாங்கி ஓரம் கட்டிவிட்டால் கசியாது. சாப்பாட்டுப் பந்தியில் உபசரிக்கப் போவதற்கு முன் டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றிவிடுங்கள்.

உங்கள் அக்காவுக்கும் ஒன்று வாங்கிக்கொடுங்கள். போட்டுப் பார்க்காதவரைதான் எதுக்குடி என்பார்கள்!


தோல்_மருத்துவர்_சேலம்

மங்கு என்று எழுதியிருப்பதால் சில விஷயங்களை விளக்கமாகச் சொல்கிறேன்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் வேகமாகக் குறைகிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் போய்விடும், அதன்பின் மெதுவாகக் குறையும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்கிறது. தோல் மெலிவது, வறள்வது, சுருங்குவது எல்லாம் இதன் தொடர்ச்சி. இதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை, எந்த கிரீமும் இதை முழுவதாகத் திருப்பித் தரவும் முடியாது. மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் தினமும் பூசுவதுதான் கையில் உள்ளது.

மங்குக்குச் சன்ஸ்கிரீனிலேயே நிறம் கலந்த வகையை வாங்குங்கள். அதில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு, சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காத கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. மங்கின் நிறத்தையும் அது கொஞ்சம் மறைப்பதால் ஃபவுண்டேஷன் பாதியாகக் குறைந்துவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். பட்டாணி அளவு போதாது.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். கல்யாணம் நெருங்கும்போது மருந்துக்கடையில் "முகம் வெளுக்க ஒரு கிரீம்" கேட்டு வாங்குவது நம்மூரில் வழக்கம். பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பு. இரண்டு வாரம் முகம் மின்னும். மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரியும். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் பல கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. பெயர் தெரியாத, தயாரித்த முகவரி இல்லாத சிவப்பழகு கிரீம்கள் இன்னொரு ஆபத்து. 2023ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காரணம் அவற்றிலிருந்த பாதரசம்.

கன்னத்தில் கடுகுபோல் சின்னக் கறுப்பு மருக்கள் பரவியிருந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். நம் நிறத்தவர்களுக்குப் பரம்பரையாக வருவது, கெடுதல் இல்லை. சுண்ணாம்பு வைத்தோ நூல் கட்டியோ எடுக்கப் போய்த் தழும்பாக்கிக்கொண்டு வருகிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.


கோமதி_நெல்லை

டாக்டர், நல்லவேளை சொன்னீர்கள். அப்படி ஒரு களிம்பு வாங்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுகிறேன். இன்னொரு சந்தேகம். எனக்கு நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறது. பொட்டை எடுத்தால் பளிச்சென்று தெரியும். இதற்கு மேல் என்ன பூசலாம்?


தோல்_மருத்துவர்_சேலம்

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கப்படும் பாராடெர்ஷரி பியூட்டைல்ஃபீனால் என்ற ரசாயனம் நிறமிச் செல்களைக் கொல்லும். வெள்ளை வட்டம் பெரும்பாலும் அதனால்தான். முதல் வேலை, ஸ்டிக்கரை அறவே நிறுத்துவது. புதிதாக வந்ததாக இருந்தால் சிகிச்சையில் ஓரளவு நிறம் திரும்பும். நேரில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், வெண்புள்ளி வேறு காரணத்தாலும் வரலாம். அரிப்பு, சிவப்பு இல்லாவிட்டால் அதன் மேல் ஐப்ரோ பென்சிலையோ கன்சீலரையோ தொட்டு, மேலே குங்குமம் வைத்துக்கொள்ளலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமமா, சாயம் போட்டதா என்று பார்த்து வாங்குங்கள். சாயக் குங்குமமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.


சுப்பையா_ஓய்வு

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இதில் கேள்வி உண்டு. பேத்தி கல்யாணம் வருகிறது. தலைக்கு டை அடிக்கச் சொல்கிறார்கள் வீட்டில்.

சங்ககாலப் புலவர் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் நரையே இல்லையே, எப்படி என்று கேட்டார்களாம். நல்ல மனைவி, நிறைந்த பிள்ளைகள், சொல் கேட்கும் ஏவலர், முறைதவறாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் நிறையச் சான்றோர் என்று காரணம் அடுக்கினார். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதை நடத்தும்போது மாணவர்கள் என் தலையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அப்போதே நரை. என் ஊரில் சான்றோருக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே நரைக்கும் நல்வாழ்வுக்கும் தொடர்பில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பேன், அவர்களும் சிரிப்பார்கள்.

ரஜினிகாந்தைப் பாருங்கள். திரையில் எப்படி வேண்டுமானாலும் வருவார், மேடைக்கு வரும்போது வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாகத்தான் வருவார். ஒருவருக்காவது அவர் மேல் மதிப்புக் குறைந்ததா? நான் டை வேண்டாம் என்கிறேன். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். எது சரி?


வசந்தி_மதுரை

ஐயா, நீங்கள் அடிக்காமலே போங்கள். நரைத்த தலைக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டால் அதைவிட எடுப்பு வேறில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரஜினிக்கும் அஜித்துக்கும் நரை அழகு என்று ஊரே கொண்டாடுகிறது. அஜித் நரைமுடியோடு கதாநாயகனாக நடித்து வருகிறார், அதற்கு சால்ட் அண்ட் பெப்பர் என்று பெயரும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதே அளவு நரைத்த நடிகைக்கு அம்மா வேடம்தான். வீட்டிலும் அப்படித்தான். நான் டை அடிப்பதை நிறுத்தியபோது "உடம்பு சரியில்லையா" என்று கேட்காத ஆள் கிடையாது. என் கணவருக்கு என்னைவிட அதிக நரை, அவரை யாரும் கேட்கவில்லை.

நான் நிறுத்தியது கொள்கைக்காக இல்லை, அலர்ஜியால். பல வருடம் ஒத்துக்கொண்ட அதே டை ஒருநாள் இமை வீங்குகிற அளவுக்குப் போய்விட்டது. கறுப்பு டைகளில் இருக்கிற பிபிடி என்ற ரசாயனம்தான் காரணம், வருடக்கணக்கில் பழகியவர்களுக்கும் திடீரென்று வரலாம் என்றார் டாக்டர். "அம்மோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று அர்த்தமில்லை. உடனே கறுக்கிற "கறுப்பு மருதாணி"யிலும் அதுதான். டை அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள்.

நரைக்கு மாறிய பிறகு ஒரு நல்லது நடந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளை வந்ததும் எனக்குப் பழைய புடவை நிறங்களெல்லாம் புதிதாகத் தெரிய ஆரம்பித்தன. மயில் நீலம், கருநீலம், அரக்கு மூன்றும் இப்போது முன்பைவிட நன்றாக இருக்கின்றன. புருவம் மட்டும் பென்சிலால் லேசாக. கறுப்புப் பென்சில் வேண்டாம், சாம்பல் கலந்த பழுப்பு. புருவத்தின் வெளி ஓரம் மட்டும் கொட்டிக்கொண்டே போனால் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள், அதுவும் ஒரு அறிகுறி.


சாரதா_திருச்சி

எல்லோரும் மாற்றி மாற்றி எதை வாங்கலாம் என்றே பேசுகிறீர்கள். நான் இதில் வேறுபடுகிறேன். சின்ன வயதில் சிவப்பாக வேண்டும் என்று கிரீம் விற்றார்கள். 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி பெயரை மாற்ற 2020 வரை ஆயிற்று. இப்போது நம் வயதைக் குறிவைத்துச் சுருக்கம் போக்குகிற சீரம் விற்கிறார்கள். உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த முகம் இது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முகம் கழுவி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, ஒரு முழம் பூ வைத்தால் போதாதா? இயல்பாக இருப்பதுதான் கம்பீரம் என்று நினைக்கிறேன். கோமதிம்மா தப்பாக நினைக்க வேண்டாம்.


ராஜேஸ்வரி_கும்பகோணம்

சாரதா மேடம், நீங்கள் சொல்வதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். கிரீம் கம்பெனிகளைப் பற்றி ஒரு வார்த்தை மாற்றமில்லை. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

என் கணவர் தவறியபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள். நீங்கள் சொல்லும் இயல்பான முகம் எனக்கு அன்று அப்படித்தான் வந்தது. நான் கேட்டு வாங்கியதில்லை. வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிற வேலை. தினமும் வருகிற வாடிக்கையாளர்கள் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்துவார்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்குள் ஒரு "அச்சோ" வரும். எனக்கு வேண்டியிருந்தது அந்த அச்சோ இல்லை, டோக்கன் நம்பர்தான்.

முதலில் கடுகளவு கறுப்புப் பொட்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை, கவனித்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு மெரூன். ஒருநாள் சாரங்கபாணி கோயில் பக்கம் வளையல் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் தங்கமுலாம் மெல்லிசு வளையல் டப்பாவை எடுக்கக் கை நீட்டினார். நான் மேல்தட்டில் இருந்த பச்சைக் கண்ணாடி வளையலைக் காட்டினேன். ஒரு நொடி தயங்கினார். அப்புறம் என் கையைப் பிடித்து, விரல் கணுவை அமுக்கி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டார். டஜன் முடிந்ததும், "இன்னும் ரெண்டு போட்டுக்கம்மா, சத்தம் நல்லா இருக்கும்" என்றார். வீடு வரை கையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

இப்போது எனக்கு 61. கண்மை, லிப்ஸ்டிக், நகப்பாலிஷ் எல்லாம் உண்டு. பாலிஷ் நிறத்தைப் பேத்தி தேர்வு செய்வாள், போனவாரம் ஊதா. இளமையாகத் தெரிகிறேனா என்று நான் கண்ணாடியிடம் கேட்பதே இல்லை. நிறம் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வைக்கிறேன். பூசாமல் இருப்பது உங்களுக்குக் கம்பீரம் என்றால் அப்படியே இருங்கள். எனக்குப் பூசிக்கொள்வது கம்பீரம். இரண்டையும் நாமே முடிவு செய்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.


சாரதா_திருச்சி

ராஜேஸ்வரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார், முப்பத்தெட்டு வயதிலிருந்து. அவருக்குக் கனகாம்பரம் என்றால் உயிர். கம்பெனிகளைப் பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை. ஆனால் பூசிக்கொள்வதும் ஒருத்தியின் உரிமை என்ற இடத்தில் உங்களோடு நிற்கிறேன். பேத்தியிடம் அடுத்தமுறை பச்சைப் பாலிஷ் போடச் சொல்லுங்கள்.


ஜெயந்தி_தாம்பரம்

கண்மை இறங்குவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். இமை தளர்ந்து மேலே மடிப்பு விழுந்துவிட்டால் உள்விளிம்பில் வைக்கும் மை கண்டிப்பாகக் கீழே வரும். கீழிமையில் மையே வேண்டாம். மேலிமை முடிகளின் வேரில் பழுப்பு அல்லது கருநீலப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, விரலால் மெதுவாகக் கலைத்துவிடுங்கள். ஒரே கோடாக இழுத்தால் தளர்ந்த தோலில் அது வளைந்து நெளியும். மினுமினுப்பு ஐஷேடோ சுருக்கத்தை எடுத்துக்காட்டும், மங்கலான பழுப்பு போதும். மஸ்காரா வாங்கினால் திறந்து மூன்று மாதத்தில் தூக்கிப்போட வேண்டும், மகள் வைத்திருப்பதைப் பங்குபோடக் கூடாது. கண்ணில் தொற்று வரும்.

நம் வயதில் பெரிய சிக்கல், கண்ணாடி போட்டால் மை வைக்க முடியாது, கழற்றினால் கண் தெரியாது! ஒற்றை லென்ஸ் மட்டும் இருக்கிற மேக்கப் மூக்குக்கண்ணாடி ஆன்லைனில் கிடைக்கிறது. லென்ஸைத் திருப்பி ஒரு கண்ணுக்குப் போட்டுக்கொண்டு மற்றக் கண்ணுக்கு மை வைக்கலாம். இல்லாவிட்டால் பெரிதாகக் காட்டும் முகக்கண்ணாடியை ஜன்னலோரம் வையுங்கள். பிளஸ் பவர் லென்ஸ் போட்டிருந்தால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் கண் பெரிதாகத் தெரியும், மை பிசகினால் அதுவும் பெரிதாகத் தெரியும், அதனால் குறைவாக வையுங்கள். மைனஸ் பவர் கண்ணைச் சிறிதாகக் காட்டும், கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம்.

வீட்டில் விளக்கெண்ணெய் தீபத்தில் கரி பிடித்துச் செய்த மை பழக்கம் என்றால் கல்யாணத்தன்று வேண்டாம், எண்ணெய்ப் பசையில் நிச்சயம் வழியும். வெளியூர்ச் சந்தைகளில் விற்கிற சுர்மா என்ற கண்மைப் பொடி பக்கமே போகாதீர்கள். அதில் பல ஈயக் கல்லை அரைத்தது. அமெரிக்காவில் அந்த வகையை விற்கவே அனுமதி இல்லை.


நித்யா_95

நான் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மகள் வயது. அம்மாவுக்குப் பிறந்தநாளுக்கு மேக்கப் பெட்டி வாங்கிக்கொடுக்க நினைத்துத் தேடியபோது இங்கே வந்தேன். கடையில் அம்மாவுக்கு என்று சொன்னதும் நேராக ஆன்டி ஏஜிங் அலமாரிக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். ஹாலிவுட் நடிகை பாமலா ஆண்டர்சன் 2023ல் பாரிஸ் ஃபேஷன் வாரத்துக்கு மேக்கப்பே இல்லாமல் வந்தார், அப்போது அவருக்கும் 56. அதைப் படித்தபோது பூசாமல் இருப்பதுதான் தைரியம் என்று நினைத்தேன். ராஜேஸ்வரி அம்மா எழுதியதைப் படித்தபின் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை என்று உறைத்தது. கேட்டேன். "எனக்கு ஒரு நல்ல சிவப்பு லிப்ஸ்டிக் வேணும்டி, உங்கப்பா கல்யாணமான புதுசுல வாங்கிக் குடுத்த மாதிரி" என்றார். அப்பாவைக் கேட்டால் நிறம் ஞாபகமில்லையாம், டப்பா மட்டும் தங்கக் கலரில் இருந்ததாம். எந்தச் சிவப்பு வாங்கலாம்? அம்மா நல்ல கறுப்பு.


கலைவாணி_கோவை

நித்யா, அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போ கண்ணு, நீயாக வாங்காதே. நல்ல கறுப்புக்கு நீலம் கலந்த சிவப்பும் ஒயின் நிறமும் அள்ளும். ஆரஞ்சு கலந்த சிவப்பு சிலருக்குத்தான் அமையும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். டெஸ்டரை நேராக உதட்டில் வைக்க விடாதே, காது துடைக்கும் பட்ஸில் எடுத்துப் போடச் சொல். அப்பாவையும் கூட்டிப்போனால் பார்த்ததும் நிறம் ஞாபகம் வரலாம்.


கோமதி_நெல்லை

எல்லோருக்கும் நன்றி. பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ட்ரையலுக்கு மட்டும் பேசியிருக்கிறேன், டோன் ஏற்றக் கூடாது என்றும் சொல்லியாயிற்று. அக்கா இந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, "மெரூன் எனக்கு, பழுப்பு ரோஸ் உனக்கு" என்று பங்கு பிரித்துவிட்டாள்.

இன்னும் ஒன்றே ஒன்று. என் அம்மா கொடுத்த கல் ஜிமிக்கியைப் போட வேண்டும். வருடக்கணக்காகக் கனமாகப் போட்டுக் காது ஓட்டை நீண்டுவிட்டது, இடது காது அறுபடுகிற நிலைமை. என் பாட்டி பாம்படம் போட்டுக் காது தோளைத் தொட நடந்தவர், அவருக்கு அது பெருமை. எனக்கு ஜிமிக்கி நேராகத் தொங்கினால் போதும். வழி இருக்கிறதா?


கலைவாணி_கோவை

ஒருநாள் கூத்துக்கு என்றால் மாட்டல் போடுங்கள் அக்கா. ஜிமிக்கியின் கனம் முழுக்க முடியில் மாட்டிக்கொள்ளும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற தோல் நிற டேப் பேன்ஸி ஸ்டோரில் கிடைக்கிறது, அதை ஒட்டி அதன் வழியாகவே திருகைக் குத்தினால் ஓட்டை இழுபடாது. திருகின் பின்பக்கம் அகலமான வட்டு வைத்துக் கேளுங்கள், ஜிமிக்கி முன்பக்கம் சாயாது.


தோல்_மருத்துவர்_சேலம்

இடது காது அறுபடும் நிலை என்றால் டேப்பில் நிறுத்தாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடலாம், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஆறி உறுதியாக இரண்டு மூன்று மாதம் விட்டு, தழும்பைத் தவிர்த்து அதற்குப் பக்கத்தில் புதிதாகக் குத்த வேண்டும். ஆவணிக்கு இன்னும் நாலு மாதம் இருப்பதால் இந்த வாரமே காட்டினால் நேரம் சரியாக இருக்கும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தழும்பு தடித்து வளரும் கீலாய்டு இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காதில் அது எளிதாக வரும்.


கோமதி_நெல்லை

சித்திக்குத் தோளில் அப்படி ஒரு தழும்பு உண்டு டாக்டர், சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று.